மருமகள் துண்டு

திரைச்சீலைக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பெண் வந்து நின்றதும், தையல்காரிக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். வராதா பின்னே? தன்னை வேண்டாம் என்று அனுப்பிய மனிதன் அடுத்துக் கட்டிக்கொண்டவள் இவள். ஊரில் வேறு கடையே இல்லையா?

"அக்கா, தப்பா நினைக்காதீங்க." சின்னவள் மூட்டையை மேசைமேல் வைத்தாள். "மெஷின்ல போட்டுட்டேன். சுடுதண்ணியில."

தையல்காரி மூட்டையை அவிழ்த்தாள். இருவருக்கும் மாமியாரான அத்தை வீட்டு ஒட்டுப்போர்வை. அந்த வீட்டுக்கு வரும் ஒவ்வொரு மருமகளிடமும் அவள் உடுத்திய துணி ஒன்றை வாங்கி, அதில் ஒரு துண்டை மாமியார் தன் கையால் இதில் வைத்துத் தைப்பாள். அத்தையின் துண்டையும் அவளுடைய மாமியார் அப்படித்தான் வைத்தாள். பழையதை யாரும் பிரிப்பதில்லை. நைந்தால் மேலே இன்னொன்று ஏறும். அதனால்தான் தூக்கினாலே கை விட்டுப்போகும் கனம்.

அவள் கண் தன் துண்டைத் தேடியது. விவாகரத்தானதும் அத்தை அதை அறுத்து எறிந்திருப்பாள் என்றே இத்தனை நாளும் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தாள். எறியவில்லை. அவளுடைய மஞ்சள் சட்டைத் துணி அதே இடத்தில் இருந்தது. வெந்நீர் தாங்காமல் நார்நாராகி, பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. மற்றவை சுருங்கியதோடு சரி.

"உன் துண்டு எது?"

"இன்னும் வைக்கல. நானா குடுத்தப்ப, 'பாக்கலாம்'னுட்டாங்க. துவைச்சு வச்சா மனசு மாறுவாங்களோன்னு..."

"ஐஸ் வைக்கப் போயி சுடுதண்ணி ஊத்தியிருக்க."

சின்னவள் சிரித்தாள், சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. "நாளைக்கு அத்தை ஊர்லேர்ந்து வந்துடுவாங்க. அதே மஞ்சள்ல ஒண்ணு வச்சுத் தச்சுடுங்கக்கா. கண்டுபிடிக்க முடியாத மாதிரி."

அந்தச் சட்டையின் மிச்சம் தையல்காரியின் வீட்டிலேயே கிடந்தது. வெட்டி வைத்தால் அந்த வீட்டில் தன் இடம் புதிதாக நிற்கும். இவள் வெளியிலேயே நிற்பாள். அந்த நினைப்பு இனித்தது, மறைப்பானேன்? பிறகு, எதிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள். பாவமாக இருந்தது. பாவப்பட வேண்டியிருக்கிறதே என்று கோபமாகவும் இருந்தது.

"கழுத்துல இருக்குற அந்தப் பச்சை ஸ்கார்ஃபைக் கழட்டு."

"எதுக்குக்கா?"

"குடுன்னா குடேன்."

பச்சைத் துணியில் ஒரு சதுரம் வெட்டினாள். பிதுங்கிய பஞ்சை உள்ளே தள்ளி, மஞ்சள் நார்களை ஒதுக்கி அடக்கி, அதன் மேல் பச்சையை வைத்து ஊசியை இறக்கினாள். தன் கையாலேயே தன்னை மூடுவது வலிக்கத்தான் செய்தது.

"அத்தை வைக்க வேண்டியத நீங்க வச்சா, திட்ட மாட்டாங்களா?"

"என்னைக் கை காட்டு. திட்டுறத என்கிட்ட வந்து திட்டட்டும்."

மறுநாள் சாயங்காலம் கடை ஃபோன் அடித்தது. விவாகரத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசாத குரல்.

"பச்சை இருக்கட்டும். நீ தச்சா கோடு போட்ட மாதிரி இருக்குமே, இது ஏன் இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது? அழுதுகிட்டா தச்ச?"



"ஆமா, அத்தை," என்றாள் தையல்காரி.