நான் தள்ளிய அளவீடு

கதிரியக்க ஐசோடோப்புகளின் அரை ஆயுளை, அதாவது பாதி சிதைய எத்தனை நாள் ஆகும் என்பதை, அட்டவணை போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. நாங்கள் எதையும் அளப்பதில்லை. ஊர் உலகத்து ஆய்வகங்கள் அளந்து எழுதுவதைப் படித்து, எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று நாட்டாமை செய்வோம். அப்புறம் ஆஸ்பத்திரிக்காரர்கள் முதல் அணு உலைக்காரர்கள் வரை எங்கள் எண்ணைத்தான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் தள்ளியது என் வீட்டுக்காரரின் அளவீட்டை.

ஒரு ஐசோடோப்புக்கு மூன்று ஆய்வகங்கள் அறுபத்தோரு நாள் என்றன. இவர் மட்டும் ஐம்பத்தொன்பது என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் இல்லை அவர். மாதிரியைத் தானே புதிதாகச் சுத்திகரித்து, ஒரு வருஷம் உட்கார்ந்து அளந்திருந்தார். சந்தேகம் இருந்தால் கேள், விளக்குகிறேன் என்றார். அச்சில் வந்ததுதான் எனக்குக் கணக்கு, வீட்டுப் பேச்சு இல்லை என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னேன். புருஷனுக்குச் சலுகை காட்டினாள் என்று நாலு பேர் சொல்வார்களே! ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

சொந்தக்காரர் கட்டுரை வந்தால் வேறு ஆளிடம் தள்ளிவிடுவது எங்கள் வழக்கம். நான் கொடுக்கவில்லை. என் நேர்மையை எல்லாரும் பார்க்கட்டும் என்ற திமிர், வேறென்ன. அந்நியர் எழுதியதாக இருந்தால் இரண்டு தடவை படித்திருப்பேன். இவருடையதற்கு, ‘பிழை மதிப்பீடு போதாது, நிராகரிக்கப்பட்டது’ என்று ஒற்றை வரி.

அடுத்த வருஷமே ஆய்வகத்தில் அவருடைய குழுவைக் கலைத்துவிட்டார்கள். இப்போது ஒரு பெயிண்ட் கம்பெனியில் டப்பா டப்பாவாகத் திறந்து, பெயிண்ட் சரியான கெட்டியில் இருக்கிறதா என்று பார்க்கிறார்.

இன்று காலை புதுக் கட்டுரை ஒன்று வந்தது. ஐம்பத்தொன்பது நாள். அறுபத்தொன்று என்றவர்கள் அளந்த மாதிரியில், மெதுவாகச் சிதையும் வேறொரு ஐசோடோப் கலந்திருந்ததாம். பழைய மூன்று கட்டுரைகளையும் எடுத்து, யாரும் படிக்காத நன்றியுரையைப் படித்தேன். மாதிரி கொடுத்ததற்காக மூன்று பேரும் ஒரே ஆய்வகத்துக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ஒரே பானைச் சோற்றை மூன்று சாட்சியாக எண்ணியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாளைக்கே எண்ணைத் திருத்துகிறேன், தப்பு என்னுடையது என்று என் பெயர் போட்டு எழுதுகிறேன் என்றேன். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. நகத்தில் ஒட்டிய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. “அன்னிக்கே ஒரு மறுப்பு எழுதியிருக்கலாமேங்க? எல்லாரும் எழுதுறாங்களே.”

“வேற யாராவது தள்ளியிருந்தா எழுதியிருப்பேன்” என்றார். “நீ தள்ளினதும், எங்கயோ நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன்.”

“ஒம்பது வருஷமாவா?”

“ஆமா. இன்னிக்கும் பஸ்ல வரும்போது அந்தத் தப்பைத்தான் தேடிட்டு வந்தேன்.”