பதினொன்று முப்பத்தொன்று

ஹிதாச்சினாகா ஊரில் டிசம்பர் வெயிலை யாரும் வீணாக்குவதில்லை. வேகவைத்துச் சீவிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு வீட்டுக்கு வீடு காயும். இசொசாகி சிசேயின் முற்றத்தில் மட்டும் நாற்பது தட்டுகள். அவளுடைய பிழைப்பே அதுதான். முற்றத்துக்குத் தென்மேற்கே ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று எழப்போகிறது. அதன் நிழல் பிற்பகல் இரண்டு மணிக்கு முன் தட்டுகளைத் தொடாது என்று கட்டட முதலாளிக்காக வரைபடம் போட்டவன் குசுமி. கையெழுத்துக்குப் பதிலாகச் சிசே தன் பெயர் முத்திரையை வைத்துச் சம்மதித்துவிட்டால் அடுத்த வாரம் அஸ்திவாரம் தோண்டலாம்.

அன்று குசுமி முற்றத்தில் வடக்கு தெற்காக ஒரு கயிறு கட்டி, நிழல் எப்படி நகரும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். சிசே சும்மா கேட்டுக்கொள்கிற ஆளா?

"அதே சூரியன்தானே குசுமி சான்? கோடையில தோலை உரிக்குது, இப்ப மட்டும் ஏன் இப்படிக் கொஞ்சுது?"

"இப்ப தாழ்வா, சாய்ஞ்சு வருதுல்ல? அதே வெளிச்சம் நிறைய தரையில பரவிடுது. அதான் சூடு கம்மி."

"சரி, பன்னெண்டு மணிக்கு நேர் தெற்கே நிக்குமா?"

"நிக்காது. நம்ம நாட்டுக் கடிகாரம் அகாஷி ஊரை வச்சு ஓடுது. நாம அதுக்கு ரொம்பக் கிழக்கே இருக்கோம். இன்னைக்கு இங்க பதினொன்னு முப்பத்தொன்னுக்கே உச்சி வந்துடும். அப்ப இங்க ஒரு கம்பை நட்டா, அதோட நிழல் இந்தக் கயிறு மேலயே படுக்கும், பாருங்க."

"அடேயப்பா, சூரியனுக்கே நேரம் குறிச்சுக் குடுக்கிறீங்க!" சிரித்துக்கொண்டே முத்திரையை எடுக்க உள்ளே போனாள்.

குசுமிக்குப் பெருமை தாங்கவில்லை. கயிற்றின் தென்முனையில் ஆள் உயர மூங்கிலை நட்டான். பதினொன்று முப்பத்தொன்று ஆயிற்று. நிழலின் நுனி கயிற்றைவிட்டுக் கிழக்கே ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தது.

மூங்கில் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தான். நேராகத்தான் நின்றது. பிறகுதான் உறைத்தது. கயிற்றுக்கும் வரைபடத்துக்கும் அவன் வடக்கு பார்த்தது திசைகாட்டி ஊசியை வைத்து. இந்த ஊரில் ஊசி உண்மையான வடக்கைவிட்டு ஏழு பாகைக்கு மேல் மேற்கே சாயும். முதலாண்டு மாணவனுக்கும் தெரிந்த விஷயம். கணக்கில் திருத்த மறந்துவிட்டான். கடிகாரத்தைத் திருத்தத் தெரிந்தவனுக்கு ஊசியைத் திருத்தத் தோன்றவில்லை. நிழல் இரண்டு மணிக்கு இல்லை, ஒன்றரைக்கு முன்பே தட்டுகளின் மேல் ஏறிவிடும்.

மூங்கிலைப் பிடுங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. கை அதுவரை போகவும் போனது. அந்தக் கையை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

சிசே முத்திரையோடு வந்தாள். "எங்க வைக்கணும்?"

"வைக்காதீங்க. என் கணக்கு தப்பு. இந்தக் கட்டடம் உங்க வெயில்ல நான் சொன்னதைவிட அரை மணி நேரத்துக்கு மேல கூடத் தின்னுடும்."

சிசேயின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. நிழலையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவன் அங்கேயே நின்று கட்டட முதலாளிக்குப் போன் செய்தான். மேல்மாடியைக் குறைத்தாக வேண்டும் என்றதும் அந்தப் பக்கம் இடி இடித்தது. கடைசியில் முதலாளி கேட்டார்: "அந்தம்மா கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"இல்லைங்க," என்றான் குசுமி. "அவங்க என்னை நம்பிட்டாங்க."