ஒலிநாடாவில் வெட்டுப்பட்ட இடம்

அந்த இடத்தில் ஒரு இருமலாவது இருமியிருக்கக் கூடாதா இந்தம்மா? ஒரு செருமலாவது? கம்ப்யூட்டர் சத்தமென்று எடுத்துக்கொண்டு வெட்டாமல் விட்டுவைத்திருக்கும். அன்றைக்கே என் காதில் விழுந்திருக்கும்.

இப்படி நினைத்தபடி, ஹெட்போனைக் கழற்றாமல் அவள் நாடாவின் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். சுரங்க விபத்தில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் எப்போதோ பேசிய ஒலிநாடாக்கள் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்பில் பூட்டிக் கிடந்தன. அவற்றை மாணவர்களுக்கான இணையப் பாடமாக்குவது அவள் வேலை. ஒப்பந்த வேலைதான். பாடம் நல்லபடியாக வெளியானால் நிரந்தரமாக்குவதாகத் தலைமை நூலகர் வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த கணவன் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது.

அந்த நாடாக்களில் பேச்சைவிட இடைவெளி அதிகம். பிள்ளைகள் பொறுமையாகக் கேட்கமாட்டார்கள் என்று, மௌனத்தைத் தானாக வெட்டும் மென்பொருளில் போட்டுத்தான் அங்கே எல்லோரும் பாடத்துக்கான ஒலித்துண்டு தயாரிப்பார்கள். அவளும் அப்படித்தான் செய்தாள். காது கேளாத மாணவர்களுக்காக எழுத்து வரி போட உட்கார்ந்தபோது ஓரிடத்தில் பேச்சு ஒட்டாமல் இடித்தது. மூல நாடாவைப் போட்டுக் கேட்டாள். செருப்பை வைத்துக் கணவனின் உடலை அடையாளம் கண்டதைச் சொல்லிக்கொண்டு வந்த பெண் சட்டென்று நிற்கிறாள். பிறகு மூச்சுக்காற்று மாதிரி ஒரு குரல்: "இது வேணாம்மா. யாருக்கும் போட்டுக் காட்டாதீங்க."

பேட்டி எடுத்தவள் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். மென்பொருளோ அந்தக் குரலையும் மௌனத்தோடு சேர்த்து வழித்தெறிந்துவிட்டது.

ஒலிப்பிரிவு அண்ணனிடம் காட்டினாள். அவர் இரண்டு தரம் கேட்டுவிட்டு, இவ்வளவு சன்னக் குரலைக் கேட்க எறும்பைத்தான் வேலைக்கு வைக்க வேண்டும் என்றார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் குரலை இறக்கி, தன் காதில் எதுவும் விழவில்லை, அவளும் விழாத மாதிரியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எப்படி இருப்பது? கணவனின் அண்ணன் வீட்டுக்கு உதவி கேட்கப் போனபோது அவள் குரலும் இப்படித்தான் அடங்கிப்போயிற்று. கிடைக்காது என்று தெரிந்தே கேட்கிற குரல். அவர் டிவியை விட்டுக் கண்ணெடுக்காமல், காதில் வாங்காமலே தலையாட்டினார்.

பாடத்தின் உயிரே அந்தத் துண்டுதான். கேள்விகளும் பயிற்சிகளும் அதன்மேல்தான் நின்றன. இன்று மதியம் துணைவேந்தர் பாடத்தை வெளியிடுகிறார். அதற்குமுன் 'பேசியவரின் சம்மதம் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் அவள் டிக் போட வேண்டும். பாடம் தயாரித்தவரின் கணக்கில் மட்டுமே அந்தக் கட்டம் திறக்கும்.

தலைமை நூலகர் விழாவுக்கென்று புதுச் சட்டையில் வந்தார். அவள் மூல நாடாவைப் போட்டுக் காட்ட, முழுதாகக் கேட்டார். ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார்.

"ஏம்மா, இத்தனை நாள் கேக்காதது இன்னிக்குப் பாத்துத்தான் கேக்கணுமா?"

வேறு நாடாவிலிருந்து புதிதாகச் செய்து தருகிறேன், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று கெஞ்சினாள். அழைப்பு போய்விட்டது, இன்று நடக்காவிட்டால் அந்தப் பணியிடம் வேறு துறைக்குப் போய்விடும் என்றார் அவர். பேசியவள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, கேட்க நாதியில்லை என்றார். கத்தித் தொலைத்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மனுஷன் தணிவாகவே பேசினார்.

"உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாதா? உனக்காகத்தாம்மா சொல்றேன். ஒரே ஒரு டிக்."

அவள் கை மவுஸுக்குப் போனது. காலையில் கணவன் முகம் மழித்துவிடச் சொன்னான். விழுந்ததிலிருந்து அவன் அப்படிக் கேட்டதே இல்லை. நல்ல சேதி வரும்போது முகம் நன்றாக இருக்கட்டும் என்றான். சாயங்காலம் அந்த முகத்துக்கு முன்னால் போய் எப்படி நிற்பாள்? அழுத்திவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். கட்டத்தின்மேல் அம்பு வந்து நின்றது.

தலைமை நூலகர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அம்பை நகர்த்தித் தன் கணக்கை மூடினாள். திரை மறுபடி கடவுச்சொல் கேட்டது.

"வேணாம் சார். நான் போட மாட்டேன்."

அவர் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.