துண்டு போட்ட ஸ்கேன்

மாட்டுத் தரகர் வைகுண்டராஜின் மூளையில் ஒரு கட்டி. வலது கையை ஆட்டிவைக்கும் இடத்துக்கு அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று ஆபரேஷனுக்கு முன்னால் தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்த எம்.ஆர்.ஐ.

"உள்ள படுத்துக்கிட்டு, நான் சொன்னதும் பெருவிரலால மத்த விரலை வரிசையாத் தொடுங்கய்யா. மூளையில எந்த இடம் வேலை செய்யுதுன்னு படத்துல தெரியும்," என்றாள் டெக்னீஷியன் ஜெபஷீலா.

வைகுண்டராஜ் கையை இறுக மூடிக்கொண்டார். தேனிச் சந்தையில் அவர் விலையை வாயால் சொன்னதே இல்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். ஊர் பார்க்க விரலை நீட்டுகிறவனெல்லாம் ஒரு தரகனா?

"துண்டு போடாம விரல் அசையாது தாயி."

கிண்டலோ என்று முறைத்த ஜெபஷீலா, கடைசியில் அவர் கைமேல் ஒரு போர்வையை விரித்தாள். அவ்வளவுதான், விரல்கள் உள்ளே ஒரு ஜோடிக் காளைக்கே விலை பேசி முடித்தன.

மாலையில் டாக்டர் படத்தைக் காட்டினார். மூளையில் ஓரிடம் ஜெகஜ்ஜோதியாக இருந்தது.

"போர்வைக்குள்ள நீங்க விரல் அசைச்சது அப்படியே தெரியுது பாருங்க. கட்டி நல்லாத் தள்ளி இருக்கு. தைரியமா எடுத்துரலாம்."

வைகுண்டராஜின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மெதுவாகக் கேட்டார்:

"வெலையும் தெரியுதா?"

"அதெல்லாம் தெரியாதுங்க."

"அப்பச் சரி. கட்டிய எடுத்துருங்க."