சீனிக்குப் பிடிக்காத சொல்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. என் கதையில் பாளையங்கோட்டைக்காரி ஒருத்தி தன் நாயிடம் "பைய, பைய" என்கிறாள். சென்னைப் பத்திரிகையின் உதவி ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து 'மெதுவாக' என்று திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். ஓரத்தில் ஒரு கேள்வி: 'எந்தப் பையை?'

அந்தச் சொல்லை எடுத்தால் கதையே இல்லை, ஐயா. முதலிலிருந்து எழுதுகிறேன். மை பாட்டிலை மூடுங்கள்.

2

தாமிரபரணியில் அந்தி வெயில் தகதகவென்று...

(வேண்டாம். ஆற்றுக்கு இங்கே வேலையில்லை.)

நீலாம்பாள் பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பவள். மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவர் விட்டுப்போன வெள்ளைச் சடைநாயை மாடி வீட்டில் வைத்திருந்தாள். பெயர் சீனி. காதுக்குப் பின்னால் முடியெல்லாம் சிக்கு, சிக்குக்குள் உண்ணி. சீவப்போனால் பீரோவுக்கு அடியில் ஓடிவிடும்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் கைலாசம் கெடு வைத்தார்.

"ஏம்மா, மாடிப்படி பூரா உண்ணி ஊருது. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் வண்டியில ஏத்தி மணிமுத்தாத்துக் காட்டுப் பக்கம் விட்டுருவேன்."

"பொழைக்காது அண்ணாச்சி. இட்லியத் தவிர அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"அங்கன கொரங்கு அவிச்சுப் போடும்!"

3

சீப்பைத் தரையில் போட்டு மோந்து பார்க்கவிட்டாள். மறுநாள் சீப்பின் முதுகால் ஒரு தடவல், ஓர் இட்லித் துண்டு. சீனி அசையாமல் நின்றது. "பைய, பைய" என்று பல் பக்கத்தைத் திருப்பினாள். ஓட்டம், பீரோ.

மூன்று நாள் இதே கதை. (நாய் அவளைக் கடிப்பதாக ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். சீனி கடிக்கிற நாய் இல்லை, நடுங்குகிற நாய்.)

வெள்ளிக்கிழமை கேஸ் சிலிண்டர் வந்தது. கீழேயிருந்து கைலாசம் கத்தினார்: "பைய எறக்கும்வே!"

மாடியில் நீலாம்பாள் கையில் சீப்பே இல்லை. இட்லி தின்றுகொண்டிருந்த சீனி நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்து பீரோவுக்கு அடியில் புகுந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பழைய வீட்டில் யாரோ "பைய, பைய" என்று கொஞ்சிக்கொண்டே முடியைப் பிய்த்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து வாயைத் திறக்காமல் சீவினாள்.

(உதவி ஆசிரியருக்கு: அந்தச் சொல்லை வெறுக்க நாய்க்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்கு?)

4

ஞாயிற்றுக்கிழமை கைலாசம் மாடியேறி வந்தார். வாசலில் வண்டி நின்றது. சீனியின் இடப்பக்கம் பஞ்சு மாதிரி இருந்தது. வலப்பக்கம் பழைய சிக்கு.

"என்னம்மா, பாதி நாயத்தான் காணுது?"

"மீதிக்கு நான் அவசரப்படுத்த மாட்டேன் அண்ணாச்சி. ஏத்தணும்னா என்னையும் சேத்து வண்டியில ஏத்துங்க."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சீப்பை எடுத்தாள். சீனி நடுங்கியது, ஆனால் ஓடவில்லை. கைலாசம் குனிந்தார். தன்னையறியாமல் வாயைத் திறந்தார். "பை..."

"சொல்லிராதீய அண்ணாச்சி!"

5

நாய் வாலாட்டுகிற மாதிரி முடிக்கச் சொல்லும் பத்திரிகை. மாட்டேன். சீனியின் வலப்பக்கத்தை உங்களிடம் விடுகிறேன், வாசகரே. சீப்பு தரையில் இருக்கிறது, இட்லி தட்டில் இருக்கிறது, வண்டியும் இன்னும் வாசலில்தான் நிற்கிறது.

இந்தக் கதையை வாய்விட்டா படித்தீர்கள்? அப்படியென்றால் முதலில் பீரோவுக்கு அடியில் பாருங்கள்.