பையில் சேராத ரத்தம்

துரைக்கண்ணுவின் வயிற்றுக்குள் ஏதோ சரியில்லை என்று பூங்குழலிக்குப் பட்டபோது, அதைச் சொல்லிக் காட்ட அவள் கையில் ஒன்றுமே இல்லை. காய்ச்சல் இல்லை. ரத்த அழுத்தம் காலையில் அறுவை முடிந்தபோது இருந்தபடியே இருந்தது. வயிற்றிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கட்டிலோரப் பைக்கு வந்திருந்ததோ ஒரு மடக்கு சிவப்புத் தண்ணீர்தான். நாடி மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடியது. ஒவ்வொரு முறை தொட்டுப் பார்க்கும்போதும் இன்னும் கொஞ்சம் வேகமாக.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலுள்ள சின்ன ஆஸ்பத்திரி அது. அறுவை மருத்துவர் சிவசங்கர் திண்டிவனத்திலிருந்து வருவார். அறுத்துத் தைத்து, நோயாளி கண் விழித்துப் பேசும்வரை இருந்துவிட்டுக் கிளம்புவார். அவர் போனபின் அந்த வயிறுகளுக்கெல்லாம் பூங்குழலிதான் பொறுப்பு. பல வருஷம் நர்சாக இருந்து, மேலே படித்து, நர்ஸ் பிராக்டிஷனராகத் திரும்பி வந்தவள். அறுவைக்கு முன் நோயாளியைச் சோதிப்பாள். மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்று கேமராவைப் பிடிப்பாள். டாக்டரோடு முன்பே பேசி வைத்த மருந்துகளைத் தானே தொடங்குவாள். கத்தியை மட்டும் தொடக் கூடாது.

“இன்னா சிஸ்டரு, போறப்பவும் வரப்பவும் கையப் புடிச்சிப் பாக்கிற? மாமா இன்னா எழுந்து ஓடிடவா போறாரு?” என்றான் ராஜாராம். துரைக்கண்ணுவின் மச்சான். வல்லத்திலிருந்து அக்கா காத்தாயியைப் பைக்கில் ஏற்றிவந்தவன், அன்று காலை முதல் அந்த அறையைச் சிரிக்கவைக்கும் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தான்.

காத்தாயி சிரிக்கவில்லை. கணவனின் போர்வையை இழுத்து மெத்தைக்கடியில் இறுகச் செருகிவிட்டு, நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

“தோள்பட்டை குடையுதும்மா,” என்றார் துரைக்கண்ணு. “அறுத்தது வயித்துல. வலிக்கிறது தோள்லியா?”

கேள்வி நல்ல கேள்விதான். அவருக்குச் செய்ததுபோல் பித்தப்பையைக் கேமரா வைத்து எடுக்கும்போது வயிற்றுக்குள் காற்றை ஏற்றுவார்கள், உறுப்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி இடம் தருவதற்காக. வேலை முடிந்தாலும் மிச்சக் காற்று மேலே போய், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் கீழ் தங்கும். அந்தச் சவ்வுத் தசையின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. அதனால் மூளை ஆளை மாற்றிப் பிடித்துக்கொண்டு, தோள் வலிக்கிறது என்று புகார் சொல்லும். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் காற்றுக்குப் பதில் அதே இடத்தில் ரத்தம் தேங்கினாலும் மூளை செய்வது அதே தப்பைத்தான்.

அவள் வராந்தாவுக்கு வந்து டாக்டருக்குப் போன் செய்தாள்.

“டிரெயின் பையில எவ்ளோ?” என்றார் சிவசங்கர்.

“அம்பது மில்லிகூட இல்ல சார். ரொம்ப நேரமா ஏறவும் இல்ல.”

“அப்ப கேஸ் வலியா இருக்கும். கசிஞ்சா அது வழியா வெளிய வரணும்னுதானே அந்தக் குழாயே.”

“ஆமா சார். ஆனா நாடி நூத்திப் பத்து. எனக்கு இது பிடிக்கல.”

ஒரு லாரி அவரைக் கடந்துபோகும் சத்தம் கேட்டது. “தீவனூர்கிட்ட ஓரங்கட்டி நிக்கிறேன். இன்னொரு தரம் தலையிலேர்ந்து பாத்துட்டுக் கூப்பிடுங்க. நீங்க சொல்றவரைக்கும் வண்டிய எடுக்கமாட்டேன்.”

அறைக்குள் அவள் திரும்பியபோது துரைக்கண்ணு ஒருக்களிக்கப் பார்த்தார், பிறகு மல்லாந்தார், மறுபடி ஒருக்களித்தார். “பீடி இல்லாத கொறைதான்,” என்றான் ராஜாராம். எல்லாவற்றுக்கும் ஒரு எளிய காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது.

அவள் அவருடைய விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். வெளியே கோட்டை மலை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. விரல்களோ கிணற்றடிக் கல்போல் சில்லென்றிருந்தன. நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்பிவர நேரம் பிடித்தது.

ரத்தம் குறைகிற உடம்பு அதை உடனே வெளியே சொல்லாது. ஏரியில் தண்ணீர் வற்றும்போது மடைக்காரன் என்ன செய்வான்? கடைமடைக் கழனிகளை முதலில் அடைத்து, இருப்பதை மேல்மடைக்குத் திருப்புவான். உடம்பும் அப்படித்தான். முதலில் தோலுக்கும் விரல்களுக்கும் போகிற சிறு ரத்தக் குழாய்களை இறுக்கும். அடுத்து சிறுநீரகத்துக்குப் போவதைக் குறைக்கும். மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் குறையாமல் கொடுத்து, இதயத்தை வேகமாக இறைக்கச் சொல்லும். அழுத்தக் கருவியில் எண் அழகாகவே நிற்கும். அந்த எண் சரியும் நேரத்தில் திருப்பிவிட வேறு மடை இருக்காது.

சிறுநீர்ப் பையைப் பார்த்தாள். மதியம் இருந்த அளவிலேயே நின்றிருந்தது. ஸ்கேன் டாக்டர் காலையில் மட்டும் வருவார். அந்த அறை பூட்டிக் கிடந்தது. மிச்சமிருந்தது அவளுடைய கை. வயிற்றைத் தொட வேண்டுமானால் போர்வையை எடுக்க வேண்டும்.

“வேணாம் சிஸ்டரு, குளுருதுன்றாரு,” என்று காத்தாயி போர்வையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம்மா.”

“அப்பறம் பாரேன்.”

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. பூங்குழலி அவள் கையை மெல்ல விலக்கிப் போர்வையைத் தூக்கினாள்.

இடுப்பருகே குழாய் இரண்டாக மடிந்திருந்தது. மடிப்பின்மேல், தலைக்குப் போடும் கருப்பு ரப்பர் பேண்ட் பலமுறை சுற்றி இறுக்கப்பட்டிருந்தது. வயிறு காலையில் இருந்த வயிறாக இல்லை. பறைபோல் விம்மியிருந்தது.

“நான்தான் கட்டுனேன்,” என்றாள் காத்தாயி. “பாத்துனே இருந்தேன், ரத்தத்த உறிஞ்சினே இருந்துச்சு அந்தக் கொழா. கழனில எறங்குற மனுஷன், அவருக்கு ரத்தம் வேணாமா? சலைன் போதும்னா உங்க பாப்பா இப்டித்தான மடிச்சி நிறுத்துது? அதே மாதிரி நிறுத்துனேன்.”

பாப்பா என்றது இளைய நர்ஸ் சுவாதியை. வாசலில் நின்றிருந்த சுவாதிக்கு முகம் வெளிறியது.

பூங்குழலி ரப்பர் பேண்டை வெட்டினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. குழாயை விரல்களால் அழுத்தி நீவினாள். கருஞ்சிவப்புக் கட்டி ஒன்று வழுக்கிப் போயிற்று. அதன் பின்னால் ரத்தம் வந்தது. சொட்டாக இல்லை, நூலாக. அதன் சூடு குழாயைத் தாண்டி அவள் விரலில் தெரிந்தது.

“கட்டு, திரும்பக் கட்டு,” என்று ராஜாராம் எழுந்துவிட்டான். “கட்டி இருந்தமுட்டும் நின்னுனுதான இருந்துச்சு?”

“நிக்கல. உள்ளயே ஊத்தினு இருந்துச்சு. நமக்குத்தான் தெரியல.”

நமக்கு என்று சொன்னபோது அவள் தன்னையும் சேர்த்தே சொன்னாள். பையைப் பார்த்தாளே தவிர, பைக்கு வரும் வழியைப் பார்க்கவில்லை.

“சார், குழாய மடிச்சுக் கட்டியிருந்தாங்க. அவுத்துட்டேன். புது ரத்தம், நிக்கல. வயிறு விம்மியிருக்கு,” என்றாள் போனில்.

பதிலுக்கு முன் கார் கிளம்பும் ஓசை வந்தது. “விழுப்புரம் அனுப்பினா தாங்குவாரா?”

“வழியில போயிடுவார் சார்.”

“தியேட்டர ரெடி பண்ணுங்க.”

மயக்க மருத்துவர் திருவண்ணாமலை ரோட்டிலேயே குடியிருந்தார். சுவாதி அவரை அழைக்க ஓடினாள். பூங்குழலி துரைக்கண்ணுவின் இரண்டாவது கையிலும் பெரிய ஊசி ஏற்றி, ரத்தம் எடுத்துச் சிறு குப்பியில் அடைத்தாள்.

“டாக்டரு இன்னும் வரவே இல்ல,” என்று ராஜாராம் வழிமறித்தான். “ஒரு நர்சு சொல்றாங்கன்னு எங்க மாமாவ மறுபடி அறுக்கறதா?”

“நான் அறுக்கமாட்டேன் தம்பி. அவரு வந்து அறுக்கறப்ப எதுக்கும் காத்துனு நிக்கக் கூடாது. உன் பைக் வாசல்லதான இருக்குது? இந்தக் குப்பிய எடுத்துனு சர்க்கார் ஆஸ்பத்திரி ரத்தச் சேமிப்புக்குப் போ. இத வச்சிப் பொருத்தம் பாத்துத்தான் தருவாங்க. நான் போன் பண்றேன். கையோட வாங்கியா.”

அவன் குப்பியைப் பார்த்தான், மாமாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அதை வாங்கிக்கொண்டு ஓடினான்.

தள்ளுகட்டில் தியேட்டர் வாசலைத் தொட்டபோது துரைக்கண்ணு கண்ணைத் திறந்தார். “இருட்டினு வருதே. மல்லாட்டை காயுது, மழையா வரும்?”

களத்தில் காயும் வேர்க்கடலையை நினைத்துக் கேட்டார். ஜன்னல் முழுக்க வெயில். சுவாதி அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, எண்ணைச் சொல்லாமல் “அக்கா” என்று மட்டும் கூப்பிட்டாள்.

சிவசங்கர் கைகழுவிக்கொண்டே கேட்டது ஒரே கேள்விதான், ரத்தம் வந்ததா என்று. வந்திருந்தது. வயிற்றைத் திறந்ததும் உள்ளே எதுவும் தெரியவில்லை. எல்லாம் ஒரே சிவப்புக் குளம். உறிஞ்ச உறிஞ்ச நிரம்பியது.

“கல்லீரலுக்குப் போற கட்டுல விரல வைங்க.”

கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் எல்லாம் ஒரு விரற்கடை அகலத்தில் ஒரே கட்டாகப் போகின்றன. மோட்டார் கொட்டகையின் மெயின் வால்வு மாதிரி. அதை இறுக்கினால் அதற்கப்பால் எங்கே உடைப்பு இருந்தாலும் கொஞ்ச நேரம் ஒழுகாது. கொஞ்ச நேரம்தான். பூங்குழலி கண்ணால் பார்க்காமல் விரல் நினைவாலேயே அந்த இடத்தைத் தேடி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து அழுத்தினாள். குளம் மெல்ல இறங்கியது. அடியில், பித்தப்பைக்குப் போன சின்னத் தமனியின் வாயில், அதை அடைக்கக் காலையில் போட்ட கிளிப் இல்லை. நழுவிப் பக்கத்தில் கிடந்தது.

“நான் போட்டது,” என்றார் சிவசங்கர். அந்த வாயை நூலால் கட்டினார், இன்னொரு முறை கட்டினார். “விடுங்க.”

அவள் விட்டாள். எல்லோரும் அந்த ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது காய்ந்தே இருந்தது.

ஆனால் துரைக்கண்ணு இன்னும் அவர்கள் பக்கம் வந்துவிடவில்லை. நெடுநேரம் ரத்தமில்லாமல் கிடந்த சிறுநீரகம் திரும்பவும் வேலை செய்யுமா, இறுகிய ரத்தக் குழாய்கள் திறக்குமா என்பதை நூலும் ஊசியும் முடிவு செய்ய முடியாது. மறுபடி அறையில், மாட்டிய பையிலிருந்து ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கண் திறக்கவில்லை.

காத்தாயி உள்ளே வந்தாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. கட்டிலில் எதையும் தொட்டுவிடக் கூடாதென்று.

“நான் கட்டுனதாலதான் இப்டி ஆச்சா?”

“உள்ள ஒழுவுனது அதால இல்ல. லேட்டா தெரிஞ்சது அதால. நான் போர்வைய முன்னாடியே தூக்கிப் பாக்காததாலயும்தான்.”

“பொழைப்பாரா?”

பூங்குழலி ஸ்டூலைக் கட்டிலின் கால்மாட்டில் இழுத்துப் போட்டு, காத்தாயியின் கைகளைப் பிடித்துக் கணவனின் பாதங்களில் வைத்தாள். “சில்லுனு இருக்குது பாரு. உடம்பு ரத்தத்த கடைசியாத்தான் இங்க அனுப்பும். சூடு வந்தா என்னக் கூப்புடு.”

காத்தாயி பாதங்களைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். சுவாதி இரண்டாவது ரத்தப் பையை மாட்டினாள். வெளியே ராஜாராம் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வெயில் சுவரில் ஏறிச் சிவந்தது. பூங்குழலி பக்கத்து அறை நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தாள், வந்து மறுபடி போனாள்.

“சிஸ்டரு.”

அவள் திரும்பினாள்.

“இப்ப சூடா இருக்குற மாதிரி இருக்குது,” என்றாள் காத்தாயி. “ஆனா அது அவரு சூடா, இவ்ளோ நேரம் புடிச்சினு இருக்கிற என் கை சூடான்னு தெரியல.”

“கைய எடு.”

பூங்குழலி கையுறையைக் கழற்றினாள். காத்தாயி தொடாத இடமாக, கணுக்காலுக்கு மேலே, தன் புறங்கையை வைத்தாள். அடுத்த காலிலும் வைத்தாள்.

“அவரு சூடுதான்,” என்றாள்.