பால் அறையின் வடக்குச் சுவர்

பழங்கட்டடங்களின் வயதைக் கணித்துப் பதிவு செய்யும் அதிகாரி வர இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. நான் வடக்குச் சுவரில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டு வாசலுக்கு மேலுள்ள கல்லில் 1671 என்று வெட்டியிருக்கிறது, கட்டிய தம்பதியின் முதலெழுத்துகளோடு. வீட்டின் பின்புறம் ஒட்டி நிற்கும் பால் அறைக்கு அப்படி எதுவும் இல்லை. அதில்தான் சிக்கல். நார்மன் சித்தப்பா வாங்கிய புது டிராக்டர் பின்முற்றத்துக்குள் திரும்பவில்லை. பால் அறையை இடித்தால் திரும்பும். அதற்கும் வீட்டின் வயதுதான் என்றால் யாரும் தொட முடியாது. பிற்காலத்தது என்றால் இடிக்க அனுமதி கிடைத்துவிடும். அம்மா இன்றும் அங்கேதான் பாலாடைக்கட்டி செய்து அடுக்கி வைக்கிறாள். ஜூலையிலும் குளிர்ந்திருக்கும் அறை அது ஒன்றுதான்.

சித்தப்பா வேலியோரம் நின்று பார்த்தார்.

"என்ன ப்ரயனி, கண்காட்சிக்குப் போற பசுவக்கூட யாரும் இப்படித் தேய்ச்சுக் குளிப்பாட்ட மாட்டாங்களே!"

நான் சிரித்து வைத்தேன். அவருக்கான பதில் எனக்கு எப்போதும் மறுநாள்தான் தோன்றும்.

அம்மா ஜன்னலிலிருந்து சொன்னாள்: "நீ போய் உன் டிராக்டரக் குளிப்பாட்டு நார்மன். சேறு போனா பாதியாயிடும், தானா உள்ள நுழையும்."

"நாளைக்குப் பாப்போம் அண்ணி," என்று அவர் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மூலைக்கல் அருகே சாந்து பெயர்ந்து விழுந்தது. சுவருக்குள் ஒரு விரல் ஆழத்திலிருந்து வந்த துண்டு. பழைய சுண்ணாம்புச் சாந்தில் பிடிப்புக்காகப் பசு மயிர் கலப்பார்கள். இதிலும் இருந்தது. மயிரோடு மயிராக ஒரு நீல இழையும் இருந்தது.

நான் வேதியியல் படித்தவள். இதற்கு அந்தப் படிப்பு தேவையில்லை. வைக்கோல் கட்டும் பிளாஸ்டிக் கயிறு. எங்கள் பண்ணையில் படல் முதல் கால்சட்டை வரை அதை வைத்துத்தான் கட்டிக்கொள்கிறோம். 1671இல் அது கிடையாது.

இழையைப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த அறை போய்விடும்.

மறுநாள் அதிகாரி லாம்பர்ட் வந்தார். முன்பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு வடக்குச் சுவரின் முன் வெகு நேரம் நின்றார். மட்டப்பலகை வைத்தார், டார்ச் அடித்தார், முழங்காலிட்டுப் பார்த்தார்.

"இந்த வீட்லயே அருமையான வேலை இதுதான்," என்றார்.

சித்தப்பாவின் முகம் தொங்கிப்போனது.

"உள்முகத்தையும் வெளிமுகத்தையும் சேத்துப் பிடிக்கிற இந்த நீளக்கல்லப் பாருங்க. ஒவ்வொண்ணும் வெளிப்பக்கமா நூலளவு சாஞ்சிருக்கு. மழைத்தண்ணி உள்ள போகாம சொட்டிடும். முன்பக்கத்துல மூணு கல்ல உள்பக்கமாச் சாச்சு வச்சிட்டாங்க. அங்க ஈரம் கசியுமே?"

"சமையலறை அலமாரிக்குப் பின்னாடி," என்றாள் அம்மா. "எப்பவும்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா அதற்குள் தேறிவிட்டார். "அந்தக் காலத்து ஆம்பளைங்கல்ல! கையில பலம், தலையில கணக்கு. எங்க பரம்பரைன்னா சும்மாவா?"

லாம்பர்ட் குறிப்பேட்டைத் திறந்தார். "முன்பக்கம் கட்டுன கை இல்ல இது. அதவிடத் தேர்ந்த கை. ஆனா அதே காலம்னு எழுதிடறேன். அப்புறம் யாரும் தொட முடியாது. கொத்தனாரு பேருதான் தெரியல, பாவம்."

பைக்குள் என் விரல்கள் இழையை இறுக்கின. அவர் ஒரு வரி எழுதினால் போதும். நான் வாய் திறக்காமலிருந்தால் போதும். அதில்தான் நான் கெட்டிக்காரி.

"ப்ரயனி," என்றாள் அம்மா. "நேத்து பையில போட்டியே, அத அவர்ட்டக் குடு."

ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். எடுத்துக் கொடுத்தேன். லாம்பர்ட்டின் உள்ளங்கையில் அது மிகவும் நீலமாக இருந்தது.

"அட, நம்ம கயிறு!" என்றார் சித்தப்பா. "அண்ணி, இது எப்படி இங்க?"

அம்மா ஈரக்கையை ஏப்ரனில் துடைக்கவில்லை. சுவரின் மேல் வைத்தாள்.

"எண்பத்தாறு அக்டோபர்ல இந்தச் சுவர் இவ அப்பா கால் மேல விழுந்துச்சு. அவரு படுத்துட்டாரு. நீ லீட்ஸ்ல இருந்த. பனி விழறதுக்குள்ள மூடணும். அனுமதி கேக்க நேரமில்ல, அதனால அப்புறமும் யாருகிட்டயும் சொல்லல. முன்பக்கத்துல அவங்க பண்ணுன தப்பு தெரியும். அதனால இங்க எல்லாக் கல்லையும் வெளிப்பக்கமாச் சாச்சு வச்சேன்."

லாம்பர்ட்டின் பேனா காகிதத்துக்கு மேல் நின்றது.

"பேரு தெரியலன்னு எழுதாதீங்க," என்றாள் அம்மா. "ரோவீனா ஆல்டர்சன். நாப்பத்தொரு நாள். நான்தான் கட்டினேன்."